துரைசானி விட்டுப்போன நோட்டுப் புத்தகம்

நேற்று பக்கத்து வீட்டம்மா ஒரு பொட்டலம் பொரிகடலை கொடுத்தனுப்பியிருந்தார். சரஸ்வதி பூஜைப் பொரி. மணலிப் பக்கமிருந்து காற்று வீசினால் இப்போதெல்லாம் ராயபுரத்தில் எதை மோந்து பார்த்தாலும் எண்ணெய் நாற்றம் ஒன்று கூடவே வரும். பொட்டலத்தைப் பிரித்தவுடன் அதையும் மீறிக்கொண்டு வெல்லமும் கற்பூரமும் சந்தனமும் கலந்த அந்த வாசனை வந்தது. கொண்டுவந்த மருமகப் பெண், ஏன் டீச்சர் உடனே மூடிவிட்டீர்கள் என்று கேட்டாள். வயசாகிவிட்டது, பொரி ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். வயசும் ஆகிவிட்டதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூடியது அதனால் அல்ல.

நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த வாசனை பட்டால் எனக்குப் பொரியில் கை வைக்க முடிவதில்லை. நல்ல வாசனைதானே, பண்டிகை வாசனைதானே என்பீர்கள். எனக்கு அது ஒரு பெண்ணின் வாழ்வு ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடந்த நாளின் வாசனை. அதை உங்களிடம் சொல்லிவிடலாம் என்று இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். கோபித்துக்கொள்ள யாரும் இல்லை.

எனக்கு அப்போது இருபத்தொரு வயசு. ராயபுரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று பெயர். ஆனால் நான் பாடம் நடத்தியது பள்ளிக்கூடத்தில் இல்லை. வாசல் தாண்டாத பெண்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துத் தையல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. தையல் என்று சொல்லித்தான் உள்ளே விடுவார்கள். துணிக்கு அடியில் சிலேட்டு இருக்கும். வெளியே காலடிச் சத்தம் கேட்டால் சிலேட்டு துணிக்கு அடியில் போகும், ஊசி மேலே வரும். இதில் நானும் என் மாணவிகளும் சர்க்கஸ்காரர்கள் அளவுக்குத் தேர்ந்திருந்தோம். நாலு பக்கமும் படுதா கட்டிய ஜட்கா வண்டியில் போய்வருவேன். வண்டிக்காரர் மஸ்தான் பாய். குதிரைக்கும் அவருக்கும் ஒரே இருமல்.

நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. இங்கிலீஷ் பேசுவேன், தனியாக வண்டியில் போவேன், சம்பளம் வாங்குவேன். ஆனால் அடிமனசில் பயந்தாங்கொள்ளி. அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து ராயபுரத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம் வைத்திருந்தார். நாம் வெளியூர், நாம் ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர்கள், நாலு பேர் முகம் சுளிக்கும்படி நடந்தால் கடையை மூட வேண்டியதுதான் என்று தினம் ஒரு தடவையாவது சொல்லுவார். சாப்பாட்டோடு சேர்த்து ஊட்டி வளர்த்த பயம் அது.

நான் போய்வந்த வீடுகளில் ரொம்பக் கெடுபிடியான வீடு காலடிப்பேட்டையில் இருந்தது. உப்பு வியாபாரி வீடு. எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களிலிருந்து கால்வாய் வழியாகப் படகில் உப்பு வரும். பின்பக்கச் சந்தில் வண்டி வண்டியாக இறங்கும். அதனால் அந்த வீட்டின் பின்சுவர் எப்போதும் வியர்த்த மாதிரி ஈரமாகவே இருக்கும். பெரியவரை வீட்டில் எல்லோரும் நைனா என்பார்கள். அவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் உள்ளே பெண்கள் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவார்கள். அவர் வெளியே போன பிறகு மீதியைப் பேசுவார்கள். இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அவருடைய மூத்த மகன் கல்யாணமான அடுத்த வருஷமே வைசூரியில் போய்விட்டான். அவன் மனைவி ருக்மணிக்கு அப்போது பன்னிரண்டு வயசு. நான் சொல்லும் இந்த வருஷத்தில் பதினெட்டு. ஆறு வருஷமாக முன்கூடத்துக்குக்கூட வந்ததில்லை. சமையலறை, கிணற்றடி, நெல் கொட்டிவைக்கும் அறை, இவ்வளவுதான் அவளுடைய ஊர். என் மாணவிகளில் அவளைப் போலச் சீக்கிரம் எழுத்துப் படித்தவள் வேறு கிடையாது. ஒரு வருஷத்தில் தமிழ் சரளமாக வாசித்தாள். பழைய பேப்பரில் சுற்றி நான் அப்பம் கொண்டுபோய்க் கொடுத்தால், அப்பத்தைப் பெரிய ஆசையில்லாமல் தின்றுவிட்டுப் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள்.

அந்த ஆவணியில்தான் வெள்ளைக்காரத் துரைசானி வந்து இறங்கினார். எந்த நாடு என்று சொல்லவேண்டாம். கடல் தாண்டி, ரொம்பக் குளிரான ஊர். நம் தேசத்துப் பெண்களைப் பற்றிப் புத்தகம் எழுதப்போவதாகச் சொல்லி, எங்கள் பெரிய டீச்சருக்கு யாரோ கொடுத்த சிபாரிசுக் கடிதத்தோடு வந்திருந்தார். மொழிபெயர்க்க என்னைப் பிடித்து ஒப்படைத்தார்கள். ஐம்பது வயசிருக்கும். வெயிலில் முகம் பழுத்த மிளகாயாகிவிடும். ஆனாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார், கையுறையைக் கழற்ற மாட்டார், கழுத்துப் பித்தானைத் தளர்த்த மாட்டார். அப்படிக் கட்டுண்டு உட்கார்ந்துகொண்டு, உங்கள் பெண்களுக்கு எவ்வளவு கட்டுப்பாடு பார் என்று என்னிடம் வருத்தப்படுவார். நான் ஆமாம் மேடம் என்பேன். சம்பளம் வாங்குகிறவள் வேறென்ன சொல்ல முடியும்?

நல்ல மனுஷி. அதையும் சொல்லிவிட வேண்டும். பெண்கள் அழுதால் அவருக்கும் கண் கலங்கும். ஆனால் கலங்கிக்கொண்டே எழுதுவார். கறுப்புத் தோல் அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். சன்னல் எத்தனை, கம்பி எத்தனை, ஒரு பெண் வாரத்துக்கு எத்தனை தடவை வெளியே போகிறாள், எல்லாவற்றையும் அதில் எழுதுவார். பெயர், தெரு, வீடு, எதையும் விடமாட்டார். உண்மை என்றால் விவரம் வேண்டும் என்பது அவர் கட்சி. விவரம் என்பது எங்கள் பக்கத்தில் ஆளைக் கொல்லும் என்று எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

உப்பு வீட்டில் நவராத்திரிக் கொலுவுக்கு வெள்ளைக்கார அம்மாளும் வரட்டும் என்று ருக்மணியின் மாமியாரம்மாள் சொல்லியனுப்பினார். வெள்ளைக்காரி வந்துபோனால் தெருவில் பெருமை. சரஸ்வதி பூஜையன்று பகலில் போனோம். கொலு பார்த்தோம், சுண்டல் வாங்கிக்கொண்டோம். பிறகு, தையல் எப்படிக் கற்கிறார்கள் என்று அம்மாள் பார்க்க வேண்டுமாம் என்று சொல்லி, துரைசானியைப் பின்னால் நெல் அறைக்கு அழைத்துப்போனேன். அங்கே ருக்மணி காத்திருந்தாள்.

இது தற்செயல் இல்லை. நகரத்தில் ருக்மணி மாதிரிப் பெண்களை வைத்துப் படிக்கவைக்கிற விடுதி ஒன்று இருந்தது. அங்கே போய்விட வேண்டும் என்று அவள் மூன்று மாதமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தைரியம் இல்லை. துரைசானியிடம் சொல்லிவைத்தேன். அவர் விடுதிக்குப் போய்ப் பேசி இடம் வாங்கியே விட்டார். அந்த விஷயத்தில் அவருக்கு இருந்த வேகம் எங்கள் யாருக்கும் இல்லை.

துரைசானி அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நீ யார் தூண்டுதலும் இல்லாமல், உன் இஷ்டத்தில்தான் போகிறாயா? நான் தமிழில் கேட்டேன். ருக்மணி குனிந்தபடி பேச ஆரம்பித்தாள். வெகுநேரம் பேசினாள். ஆறு வருஷத்தில் யாரும் அவளை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்குக் காது முழுக்க வாசல் பக்கமே இருந்தது. செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று. அவள் முடித்ததும், ஆமாம் என்கிறாள் என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். துரைசானி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். அவர் எழுதினார். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டார் எல்லோரும் அம்மன் கோயிலுக்குப் போகும்போது வண்டியைப் பின்சந்துக்குக் கொண்டுவருவது என்று பேசிக்கொண்டோம். அதையும் எழுதினார். பிறகு வீட்டுக்குள் வழி புரியவேண்டும் என்று ஒரு படம் போட்டார். கூடம், கிணறு, நெல் அறை, எல்லாம் கட்டம் கட்டமாக. பின்கதவில் ஒரு பெருக்கல் குறி.

தண்டையார்பேட்டை தாண்டும்போது துரைசானி பையைத் துழாவினார். கைக்குட்டை இருந்தது, மலேரியாவுக்கான கொயினா மாத்திரை இருந்தது, நோட்டுப் புத்தகம் இல்லை.

குடையை மறந்த மாதிரி, அடடா என்றார். நான் இருக்கைக்கு அடியிலெல்லாம் தடவித் தேடினேன். மஸ்தான் பாய் படுதாவை விலக்கி, "இன்னா டீச்சரம்மா, மூஞ்சி பேஜாராக் கீது?" என்று கேட்டார். வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

மாமியாரம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. தேடிவருவோம் என்று அவருக்குத் தெரியும்.

"பொஸ்தகம் தான? நெல்லு ரூம்ல கீழ கெடந்துச்சு. நல்ல நாளு அதுவுமா அப்டி வுடலாமாம்மா? சந்தனம் வச்சி, குங்குமம் வச்சி, சாமி கிட்ட வச்சிட்டேன். இன்னிக்கி எடுக்கக் கூடாது. நாளைக்கிக் காலைல எங்க சபாபதி ரெண்டு வரி படிக்கட்டும், அப்பால வந்து வாங்கிக்கினு போ."

உங்களுக்குத் தெரியும், சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிப் பூஜையில் வைத்துவிட்டால் அன்று முழுக்க யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி. காலையில் பூஜை முடித்து, புத்தகத்தை எடுத்துப் பிரித்து ஒரு பக்கமாவது வாசிக்க வேண்டும். வாசலிலிருந்தே எனக்குப் பூஜை அறை தெரிந்தது. உப்புக் கணக்கு ஏடுகள், பஞ்சாங்கம், பழைய பாடப்புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் மேலே, மாலை போட்டு, கறுப்பு நோட்டு. விருந்தாளியின் புத்தகம் என்று மரியாதையாக உச்சியில் வைத்திருந்தார்கள். யாரும் கெடுதல் நினைக்கவில்லை. அன்பு செய்தார்கள். அந்த அன்பைப் பார்த்துத்தான் நான் நடுங்கிப்போனேன்.

யார் எடுக்க முடியும் என்று வண்டியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நான் வேதக்காரி, பூஜை அறை வாசலைத் தாண்ட முடியாது. துரைசானியும் அப்படியே. வீட்டுக்குள்ளேயே இருக்கிறாளே ருக்மணி என்றால், அவள் அன்றைக்கு அந்தப் பக்கம் தலைகாட்டினாலே அபசகுனம் என்பார்கள். ஆபத்து யார் யாருக்கோ, அவர்கள் யாருமே தொட முடியாத இடத்தில் அது இருந்தது. துரைசானிக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. புத்தகத்தைத் தெய்வமாகக் கும்பிடுகிற தேசம் என்று வியந்தார். நான் ஆபத்தை எடுத்துச் சொன்னேன். அங்கே யாருக்கு இங்கிலீஷ் தெரியும் என்றார். சபாபதிக்குத் தெரியும் என்றேன்.

சபாபதி இளைய மகன். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர். துறைமுகத்தில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. அந்தத் தெருவிலேயே கோட்டு போட்ட ஒரே ஆள். எங்கள் பையன் வெள்ளைக்காரனோடு வெள்ளைக்காரன் மாதிரிப் பேசுவான் என்று பெரியவர் சொல்லாத ஆள் இல்லை. இதைக் கேட்டதும் துரைசானிக்கு நிம்மதியாகிவிட்டது. இங்கிலீஷ் படித்தவன் என்றால் அந்தப் பெண்ணின் பக்கம் நிற்பான் என்றார். கோட்டுக்குள்ளே இருப்பவரும் நைனாவின் மகன்தான் என்று எப்படிப் புரியவைப்பது? வண்டியை ஓட்டச் சொன்னேன்.

அன்றைக்கு வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தார். அந்த உப்பு வியாபாரியோடு அப்பாவுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. ருக்மணியை என்ன செய்வார்கள், என்னை என்ன செய்வார்கள், அப்பா கடை என்னவாகும் என்று மாறி மாறி நினைத்துக்கொண்டு கிடந்தேன். உண்மையைச் சொன்னால், ருக்மணியை விட என்னைப் பற்றித்தான் அதிகம் நினைத்தேன்.

காலையில் துரைசானிக்கு ஜுரம். நான் மட்டும் போனேன்.

கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நான் கூடத்து நிலையோரம் நின்றேன். சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கீழே வெள்ளைச் சேலையின் ஓரம் தெரிந்தது. அவளுக்கும் விஷயம் தெரியும். மாமியார் அவள் காதுபடத்தான் எல்லாம் சொல்லியிருந்தார். கற்பூரம் காட்டினார்கள். தட்டு நிறையப் பொரியும் வெல்லமும் இருந்தன. பெரியவர் முதலில் கணக்கு ஏட்டைப் பிரித்து ஒரு வரி வாசித்துவிட்டு, கறுப்பு நோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி மகனிடம் கொடுத்தார்.

"படிப்பா. சத்தமாப் படி. எல்லாரும் கேக்கட்டும்."

சபாபதி நோட்டைப் பிரித்தார். பக்கத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் சமையலறைக் கதவைப் பார்த்தேன். பிறகு அவர் கணீரென்று இங்கிலீஷில் படிக்க ஆரம்பித்தார்.

முதல் வரி எனக்குப் புரியவில்லை. பயத்தில் காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் வரியும் அப்படியே. மூன்றாவதில்தான் பிடிபட்டது. மேற்படி சரக்கு நல்ல நிலையில் கப்பலில் ஏற்றப்பட்டது; மூட்டைகளின் எடைக்கும் உள்ளே இருப்பதற்கும் கம்பெனி பொறுப்பல்ல; கடலால் வரும் சேதத்துக்கும் பொறுப்பல்ல. துறைமுகத்தில் தினம் தினம் பார்த்துப் பார்த்து நெட்டுருவான சரக்குச் சீட்டு வாசகத்தை அந்த மனிதர் ராகம் போடாத குறையாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். பெரியவர் கண்ணை மூடிக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமியாரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவருக்குத் துரைசானியின் கையெழுத்தைப் படிக்கத் தெரியவில்லை.

இதைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. அடுத்து பெரியவர் தமிழில் சொல்லச் சொன்னார். சபாபதி தலை நிமிர்ந்தார். அவர் கண் நேரே என் மேல் விழுந்தது. அந்தக் கூடத்தில் இங்கிலீஷ் தெரிந்த இன்னொரு ஆள் நான்தான் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் அவருக்குப் பயந்த அளவுக்கு அவர் எனக்குப் பயந்தார். நான் லேசாகத் தலையை ஆட்டினேன். சொல்லுங்கள் என்பது போல.

நம் வீட்டில் ஆசாரம் நன்றாக இருக்கிறது, பெண்கள் அடக்கமாக இருக்கிறார்கள், சுண்டல் ருசியாக இருந்தது என்று துரைசானி எழுதியிருப்பதாகச் சொன்னார். பெரியவருக்குத் திருப்தி. அதோடு விட்டிருக்கலாம். அவர் நோட்டை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார். படம் வந்தது. படத்துக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லையே.

"இது நம்ம வூடுதான? கெணறு கீது, நெல்லு ரூமு கீது. பின்னாடி கதவுல இன்னா குறி போட்டுக்கீது?"

சபாபதி படத்தை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கதவுக்குப் பின்னால் வெள்ளைச் சேலை ஓரம் அசைவற்று நின்றது. நான் பேசினேன். பெரியவர் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அது எங்கள் சிலுவை, நல்ல மனசோடு ஒரு வீட்டுக்கு வந்தால் வாசலில் அப்படிப் போடுவது வழக்கம் என்றேன். அப்படி ஒரு வழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. பெரியவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எந்தச் சாமியானால் என்ன என்று சொல்லி மூடிவைத்தார்.

மாமியாரம்மாள் நோட்டை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி, பொரியும் வெற்றிலையும் வைத்துக் கொடுத்தார். வண்டி வரை சபாபதி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"டீச்சரம்மா, அச்சடிச்சதுன்னா எயுத்துக் கூட்டி எப்படியோ ஒப்பேத்திடுவேன். இது கோயி கிளறுனாப்புல கீது. நைனாவுக்குத் தெரிஞ்சா நான் மனுசனே இல்ல. உள்ள மெய்யா இன்னாதான் எயுதிக்கீது?"

"நீங்க சொன்னதுதாங்க எழுதியிருக்கு" என்றேன்.

உயிர் வந்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். நல்லா இரும்மா என்றார். அன்று பொய் சொன்னதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் என்னை வாழ்த்தியது மட்டும் எப்போது நினைத்தாலும் குத்துகிறது.

வீட்டுக்கு வந்ததும் ருக்மணி சம்பந்தப்பட்ட பக்கங்களையும் படத்தையும் கிழித்து அடுப்பில் போட்டேன். துரைசானியிடம், பூஜையில் எண்ணெய் கொட்டி நாலு பக்கம் போய்விட்டது என்றேன். இந்தத் தேசத்தில் புத்தகத்தைக் கும்பிடுவார்கள், ஆனால் பத்திரமாக வைக்கத் தெரியாது என்று அதையும் ஒரு அபிப்பிராயமாக எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ருக்மணி வந்தாள். சொன்ன நேரத்தில் பின்கதவு திறந்தது. கையில் ஒரு சின்ன மூட்டை. வண்டியில் ஏறக் காலைத் தூக்கியவள் எந்தப் படியில் வைப்பது என்று தெரியாமல் தடுமாறினாள். துரைசானி கை கொடுத்து ஏற்றினார். நான் படுதாவை இழுத்துக் கட்டினேன். யாரும் பார்க்கவில்லை. பத்து மணி அடிப்பதற்குள் அவள் விடுதியில் சேர்ந்துவிட்டாள்.

பிறகு நடந்ததை மஸ்தான் பாய்தான் கேட்டு வந்து சொன்னார். உப்பு வீட்டில் எல்லோரும் தலை முழுகிவிட்டார்களாம். அவள் செத்துப்போனாள் என்று கணக்கு. பெரியவருக்கு நோட்டும் படமும் ஞாபகம் வந்துவிட்டது. நீ படித்தாயே, உனக்குத் தெரியாதா என்று மகனைப் பிடித்துக்கொண்டார். சபாபதி என்ன சொல்லித் தப்பித்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? தப்பிக்கவில்லை. ஆமாம், எல்லாம் படித்தேன், தெரிந்தேதான் மறைத்தேன் என்று சொன்னாராம். படிக்கத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதை விட அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. பெரியவர் அவரை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார். எண்ணூர்ப் பக்கம் அளத்து மேஸ்திரி குடிசையில் நெடுநாள் தங்கியிருந்தார் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

காலடிப்பேட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்து வண்டிக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. ஏழு வீடுகளில் சிலேட்டு வைத்திருந்த என் மற்ற மாணவிகளுக்கு அதோடு படிப்பு முடிந்தது. அவர்களில் யாரும் என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை அனுப்பவில்லை. அனுப்ப வழியும் இல்லை. அப்பா என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. கடை என்னவோ பிழைத்துக்கொண்டது. ருக்மணி படித்தாள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்தாள். வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதுவாள். போன வருஷம் அவள் மாணவி ஒருத்தியிடமிருந்து கறுப்பு ஓரம் போட்ட கடுதாசி வந்தது.

ஒன்றைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வருகிறேன். வெள்ளிக்கிழமை வண்டி கிளம்பிச் சந்து திரும்பியது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், காலடிப்பேட்டைக்கும் கடலுக்கும் ரொம்பத் தூரமில்லை. சாயங்காலக் காற்று படுதாவை உள்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அதுவரை ஒரு வார்த்தை பேசாதிருந்த ருக்மணி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், சமுத்திரம் இங்கதான கீது? ஆறு வருசமா சத்தம் மட்டும் கேட்டுகினு இருந்தேன். இந்தத் துணிய ஒரு வாட்டி தூக்கிப் பாத்துக்கட்டா?"

அவள் கை படுதாவுக்குப் போனது. நான் பிடித்து மடியில் அழுத்திவிட்டேன். யாராவது பார்த்தால் என்ன ஆவது? சும்மா இரு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதட்டினேன். மாமியாரம்மாள்கூட அவளை அப்படி ஒரு குரலில் அதட்டி நான் கேட்டதில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டாள். என்ன சொல்கிறாள் என்று துரைசானி கேட்டார். ஒன்றுமில்லை மேடம் என்றேன்.

துரைசானியின் புத்தகம் சில வருஷம் கழித்து வந்தது. நூலகத்தில் நின்றபடியே படித்தேன். பேர், ஊர் இல்லாமல் எழுதியிருந்தார். அந்த மட்டும் நல்லதாயிற்று. ஒரு சிறைவாசத்திலிருந்து தப்பித்துவந்த பெண், வண்டியில் வழி நெடுக ஒரு கேள்விகூடக் கேட்காமல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள் என்று எழுதியிருந்தது. கை எட்டும் தூரத்தில் கடல் இருந்தும் திரையை விலக்கிப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை; இந்த நாட்டுப் பெண்களுக்கு வெளி உலகத்தின் மேல் ஆசை என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது என்று முடித்திருந்தார்.

ருக்மணி அந்தப் புத்தகத்தைப் படித்தாளா தெரியாது. நான் கேட்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்ன கடற்கரைக்கு அவள் வரவே இல்லை. அந்தத் தெருப் பக்கம் அவளால் தலைகாட்ட முடியவில்லை. பெரியவர் காலமெல்லாம் முடிந்த பிறகு நான் ஒரு தடவை தனியாகப் போனேன். மணலும் கட்டுமரங்களும் இருந்த இடத்தைக் கடல் தின்றுவிட்டது. பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள், பக்கத்திலேயே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் பார்க்கக் கேட்ட கரை இப்போது எங்கேயும் இல்லை. துரைசானியின் அந்த வரி மட்டும் அச்சில் அப்படியே இருக்கிறது.